வரைந்த கை போனாலும் வடிவம் போகக் கூடாது



இந்த மலரில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், மாட்டுப் பண்ணை, மக்காச்சோளம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு "நம்ம கைத்தொழில் வரலாறு". ஊசியும் நூலும் மட்டும் தெரிந்தவள் நான். அதனால் பின்னல் வேலையின் வரலாற்றை, எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

வரலாறு என்றதும் ராஜா, சண்டை, கோட்டை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒரு பூவையோ மயிலையோ துணியில் கொண்டுவரத் தெரிந்த ஆள் போய்விட்டால், அந்தப் பூவும் மயிலும் என்ன ஆகும்? சில இடத்தில் அது ஆளோடு போய்விட்டது. சில இடத்தில் நூறு, இருநூறு வருஷம் நின்றிருக்கிறது. ஏன் ஒன்று போனது, ஏன் ஒன்று நின்றது என்று பார்த்தால் நம்ம குழுக்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

பக்கத்து ஊர்க் கதை: கோடாலி கருப்பூர்

முதல் கதைக்குத் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடக் கரையோரம் கோடாலி கருப்பூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. நம்மில் சிலருக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தமும் இருக்கும். அந்த ஊர்ச் சேலையைத் தஞ்சாவூர் மராட்டிய அரண்மனைப் பெண்கள் கட்டினார்கள். மராட்டிய அரச குடும்பங்களுக்குள் சீர் வரிசையாகவும் அது போனது.

அந்தச் சேலையை ஒரு ஆள் தனியாகச் செய்துவிட முடியாது. தறிக்காரர் பருத்தி நூலில் நெய்யும்போதே, பூ வர வேண்டிய இடத்தில் மட்டும் ஜரிகையைக் கோத்து நெய்வார். பிறகு துணி சாயக்காரர் கைக்கு வரும். சாயம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகைத் தூரிகையால் எழுதி, மிச்சத்தைச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகை எடுத்த பிறகு பார்த்தால், அடர் சிவப்புக்கு அடியிலிருந்து ஜரிகை மினுமினுக்கும். பளபளவென்று கண்ணைக் குத்தாமல், உள்ளே விளக்கு வைத்தது போல இருக்கும். தறிக்காரருக்குச் சாய வேலை முழுதாகத் தெரியாது. சாயக்காரருக்குத் தறி தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் சேலை.

1855-ல் தஞ்சாவூர் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். ஆங்கிலேயக் கம்பெனி அரசையும் அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மன்னரின் மனைவி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. புருஷனை இழந்த பெண், அந்தக் காலத்திலேயே கம்பெனி மேல் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1859-ல், இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று தீர்ப்பானது. ஆனாலும் 1862-ல் மன்னரின் தனிச் சொத்து ராணிகளிடம் திரும்பி வந்தது. கோர்ட்டில் தோற்றும் சொத்தை மீட்டார்கள் என்றால், அந்தப் பெண்களின் பிடிவாதத்தை நாம் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் சேலை மீளவில்லை. வாங்குவதற்கு அரண்மனை ஒன்றுதான் இருந்தது. அது சாய்ந்ததும் நெய்தவர் ஒரு பக்கம், சாயமிட்டவர் ஒரு பக்கம் என்று பிரிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தச் சேலை நின்றேபோனது. இன்றைக்கு அசல் துண்டைப் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகத்தில்தான் பார்க்க வேண்டும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. நம்ம கொள்ளிடக் கரையில் நெய்தது, கடல் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தறி இல்லாமல் நின்றுகொண்ட சாய வேலை மட்டும் முழுதாகச் சாகவில்லை. கோயில் தேர்ச்சீலை, தொம்பை, குடை என்று வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே தஞ்சாவூர் அரண்மனையின் சரஸ்வதி மகால் ஏடுகள் 1918-ல் பொது நூலகமாகி இன்று வரை பத்திரமாக இருக்கின்றன. ஏடு தப்பித்தது, சேலை தப்பவில்லை. ஏட்டில் எழுதி வைத்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கையில் மட்டும் இருந்ததை எப்படிப் படிப்பது?

தென்கோடியில் ஒரு ரேந்தைத் திண்டு

இரண்டாவது கதை நாகர்கோவில் பக்கம். அங்கே லேஸ் பின்னலை ரேந்தை என்பார்கள். போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல் அது.

1819-ல் சார்லஸ் மால்ட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு சேர்த்து 1820-களின் தொடக்கத்தில் ரேந்தையும் சொல்லிக்கொடுத்தார். விற்ற பணத்தில் பள்ளிச் செலவு நடந்தது, பின்னிய பிள்ளைகளுக்கும் கூலி கிடைத்தது. அது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். ரேந்தைக் கூலியைச் சேர்த்து வைத்துத் தன் விடுதலைக்கு விலை கொடுத்த பிள்ளைகளும் அந்தப் பள்ளியில் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-ல்தான். சட்டம் வருவதற்கு முன்னாலேயே சில பெண்பிள்ளைகள் நூலைக் கொண்டு தங்கள் கட்டை அவிழ்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது. நம்ம குழுவில் வாரா வாரம் போடுகிற சேமிப்புக்கு அவர்கள்தான் முன்னோடி என்பேன்.

மார்த்தாவின் மகள் எலைசா இந்த மண்ணிலேயே வளர்ந்து, நம்மைப் போலத் தமிழ் பேசியவர். 1844-ல் அவருக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களே, அவரேதான். திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் குடியேறினார்கள். அங்கேயும் எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து ரேந்தை கற்றுக்கொடுத்தார். தாய் வீட்டுச் சீதனமாக அவர் கொண்டுபோனது அந்தத் தொழில்தான்.

1891 ஆகஸ்டு 28-ல் கால்டுவெல் கொடைக்கானலில் காலமானார். கிட்டத்தட்ட 47 வருஷம் கூட வாழ்ந்த துணை போனபின் எலைசா எட்டு வருஷம் இருந்து 1899-ல் மறைந்தார். இரண்டு பேரும் போன பிறகும் இடையன்குடியில் ரேந்தை நிற்கவில்லை. தலைமுறை தாண்டிப் பின்னினார்கள். 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மேரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கன்னிகாஸ்திரியின் மடத்திலும், ஆதரவில்லாத பிள்ளைகள் ரேந்தையும் தையலும் கற்றார்கள். கால்டுவெல்லுக்குச் சென்னை மெரினாவில் 1968-ல் சிலை வைத்தார்கள். எலைசாவுக்குக் கடற்கரையில் சிலை இல்லை. ஆனால் அவர் கற்றுக்கொடுத்த வேலை ஊர்ப் பெண்களின் கையில் ஓடியது.

கருப்பூர் சேலை போய், ரேந்தை நின்றதற்குக் காரணம் வேலையிலேயே இருக்கிறது. ரேந்தை போட ஒரு திண்டு வேண்டும். அதன் மேல் ஓட்டை குத்திய அட்டை ஒன்றை வைப்பார்கள். அந்த ஓட்டைகளில் குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றி முறுக்கிக் கொண்டுபோவார்கள். வடிவம் முழுக்க அந்த அட்டையில் இருக்கிறது. ஆசிரியை ஊருக்குப் போனாலும், மறைந்தாலும், அட்டையை இன்னொரு அட்டை மேல் வைத்து ஊசியால் குத்தினால் இன்னொரு பிரதி வந்துவிடும். அடுத்தது, கற்றவள் ஒருத்தி அல்ல. ஒரு வகுப்பே கற்றது. ஒருத்தி கல்யாணமாகிப் போனால் அடுத்தவள் திண்டில் உட்கார்ந்தாள்.

துணை போனபின் தொழில்

எலைசாவின் கதையைத் தேடிப் படித்ததற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நம்ம குழுக்களில் புருஷனை இழந்தவர்கள் என்னோடு சேர்த்து எத்தனையோ பேர். அதனால் இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் பல வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர். உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பியபோது நான் உல்லன் நூலில் குழந்தைக் குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னிக்கொண்டிருந்தேன். "இந்த வெயில் காட்டுல யாருடி ஸ்வெட்டர் போடுவா?" என்று முதலில் கேலி செய்தார். மார்கழி, தை பனிக்குக் கைப்பிள்ளைக்காரிகள் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தபின் அவரே கட்டம் போட்ட நோட்டு வாங்கி வந்தார். பருத்திச் செடி வெடித்து நிற்பது, மக்காச்சோளக் கதிர், வெங்காயப் பூ, தட்டான், மயில் என்று நம்ம காட்டில் இருப்பதையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்தார். ஒரு கட்டம் என்றால் ஒரு கண்ணி. அவர் வரைவார், நான் பின்னுவேன்.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னல் வேலை தெரிந்த சகோதரிகள் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியில் விழுகிற கண்ணி சரிசதுரம் கிடையாது. உயரத்தைவிட அகலம் கொஞ்சம் அதிகம். அதனால் கட்ட நோட்டில் மயிலை அழகாக வரைந்து அப்படியே பின்னினால், துணியில் அது குட்டையாகி வாத்து மாதிரி வரும். நோட்டில் கழுத்தையும் காலையும் நீட்டி வரைந்தால்தான் துணியில் மயிலாக நிற்கும். மிஷினில் வேலை பார்த்ததால் இது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் நோட்டில் எல்லா உருவமும் ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டு இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் "என்ன இது, வரையவே தெரியலையே" என்பார்கள். பின்னிப் பார்த்தால்தான் அவர் வித்தை தெரியும்.

அவர் தவறிய பிறகு இரண்டு காரியம் நடந்தது. கைக்குழந்தைக்குக் குல்லா சொல்லியிருந்த ஒரு வீட்டில், "தாலி அறுத்தவ கையால பின்னினத முதல் புள்ளைக்குப் போடலாமா?" என்று பேச்சு வந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த நூல் அப்படியே ஊசியில் கிடந்தது. எடுத்துப் பின்னிமுடிக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் வந்து, "நீ பின்னு, முதல்ல என் பேத்திக்குப் போடறேன், எவ வந்து கேக்கறான்னு பாக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பேத்தி தலையில் அந்தக் குல்லாவோடு அடுத்த கூட்டத்துக்கு வந்தார். அதன்பின் எங்கள் தெருவில் அந்தப் பேச்சு எழவில்லை.

இரண்டாவது, வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து அந்த நோட்டை மொத்தமாக விலைக்குக் கேட்டார். சொன்ன தொகை எனக்குப் பெரிய தொகைதான். கடன் இருந்த நேரம். கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த நேரத்தில்தான், மற்ற ஊர்ப் பெண்கள் இந்த மாதிரி நிலைமையில் என்ன செய்தார்கள் என்று கேட்கவும் படிக்கவும் தொடங்கினேன்.

நர்சாபூர் சொல்வது

ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாபூர் என்ற ஊர். கொக்கி ஊசியில் லேஸ் பின்னுவதில் அதற்குப் பெரிய பெயர். அங்கேயும் மிஷன்காரர்கள்தான் தொடங்கி வைத்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தே பின்னி, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் அளவுக்கு வளர்ந்தது.

மரியா மீஸ் என்ற ஜெர்மனிக்காரப் பெண்மணி அங்கே போய் ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது நமக்குப் பழகின காட்சிதான். சமையல், தண்ணீர், பிள்ளை என்று எல்லா வேலையும் முடித்துவிட்டு நாள் முழுக்கப் பின்னினார்கள் பெண்கள். ஆனால் ஊர் அவர்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை. "வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், பொழுதுபோக்குக்குப் பின்னுகிறார்கள்" என்றது. அதனால் கூலியும் பொழுதுபோக்குக் கூலியாகவே இருந்தது. நூல் கொடுப்பவரும், சரக்கு வாங்குபவரும், ஏற்றுமதி செய்பவரும் வேறு ஆட்கள். லாபம் அங்கே நின்றது. ஒவ்வொருத்தியும் ஒரு துண்டு மட்டும் பின்னிக் கொடுத்தாள். முழு உருப்படி எப்படி இருக்கும், என்ன விலைக்குப் போகும் என்பது அவள் கண்ணுக்கு எட்டவில்லை.

தொழில் அழியாமல் இருந்தால் மட்டும் போதாது என்று நர்சாபூர் சொல்கிறது. கை நம்முடையது, வடிவம் அடுத்தவருடையது என்று ஆகிவிட்டால், எத்தனை வருஷம் நின்றாலும் அது கூலி வேலைதான். 2024-ல் நர்சாபூர் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும், நீலகிரி தோடர் பெண்களின் பூவேலைக்கு 2013-லும் கிடைத்தது போலத்தான் இதுவும். இந்தக் குறியீடு தனி ஆளுக்குச் சொந்தமாவது இல்லை. அந்த ஊரில் அந்த வேலையைச் செய்கிற எல்லோருக்குமானது. பல பேர் சேர்ந்து சங்கமாக நின்றால்தான் அது வரும்.

தோடர் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் துணியில் கோடு கிழித்து வரைந்துகொள்வதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே பூ போடுகிறார்கள். அம்மா எண்ணுவதைப் பார்த்து மகள் எண்ணுகிறாள். வடிவம் ஒரு வீட்டுக்குள் பூட்டிக் கிடக்காமல் ஊருக்கே பொதுவாக இருப்பதால் அது தொடர்கிறது.

கல் உடைப்பவர்களின் மனைவிமார்

அடுத்த கதை கடல் கடந்து, சுவீடன் நாட்டில். நம்ம மாவட்டத்துக்கும் அந்த ஊருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு இடத்திலும் கல் குவாரி.

சுவீடனின் மேற்குக் கடற்கரையில் பொஹூஸ் என்ற பகுதி. அங்கே ஆண்கள் கல் உடைத்துப் பிழைத்தார்கள். 1930-களில் கல்லுக்குக் கிராக்கி போய் குவாரிகள் மூடின. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்தக் கல் உடைப்பவர்களின் மனைவிமார் ஆளுநரின் மனைவி எம்மா யாக்கப்சனிடம் போனார்கள். தர்மம் கேட்கவில்லை, வேலை கேட்டார்கள். 1939-ல் பொஹூஸ் ஸ்டிக்னிங் என்ற கைப்பின்னல் நிறுவனம் பிறந்தது. ஸ்டிக்னிங் என்றால் அவர்கள் மொழியில் பின்னல். வடிவம் வரைய ஆட்களை வைத்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னினார்கள். கழுத்தைச் சுற்றிப் பூமாலை போட்டது போல, மெல்லிய நிறங்களை ஒன்றுக்குள் ஒன்று கரைத்துப் பின்னிய ஸ்வெட்டர்கள் உலகம் முழுக்கப் பேர் வாங்கின.

முப்பது வருஷம் ஓடி, 1969-ல் நிறுவனம் மூடப்பட்டது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பின்னல் மாதிரிகளும் உடைகளும் அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. வருஷங்கள் கழித்து சோல்வேய் குஸ்டாப்சன் என்ற பெண்மணி பழைய உருப்படிகளை வைத்துக் கண்ணி எண்ணி, அதே மாதிரி நூலுக்குச் சாயம் போட்டு, அந்த ஸ்வெட்டர்களைத் திரும்பப் பின்னுவதற்கு வழி செய்தார். கம்பெனி போனாலும் மாதிரி இருந்ததால் வடிவம் எழுந்து வந்தது. நம்ம கருப்பூர் சேலைக்கும் லண்டனில் மாதிரி இருக்கிறது. ஆனால் தறிக்காரரையும் சாயக்காரரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது கஷ்டம். ஸ்வெட்டருக்கு இரண்டு ஊசியும் எண்ணத் தெரிந்த ஒரு பெண்ணும் போதும். அது நம்மிடம் இருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு நோட்டை வியாபாரிக்குக் கொடுக்கவில்லை. குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பின்னிப் பார்த்தோம். மிஷின்காரர் போடுகிற குறிகளை அவர் இடையிடையே போட்டிருந்தார். சிலது புரியவில்லை. அந்தப் பக்கத்துக்கு, முன்பு விற்ற ஸ்வெட்டர்களை வாங்கியவர்கள் வீட்டில் இரவல் கேட்டு, கண்ணி எண்ணி, நோட்டோடு ஒப்பிட்டோம். வெங்காயப் பூவும் பருத்தியும் அப்படித்தான் திரும்பக் கிடைத்தன. இன்றைக்கு அந்த நோட்டில் இருப்பது ஐந்து பேர் கையிலும் இருக்கிறது.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள்

இந்தக் கதைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைக் கூட்டமைப்பு முன்னால் வைக்கிறேன். இது உல்லன் பின்னலுக்கு மட்டும் இல்லை. ஒயர் கூடையில் சிவன் கண், பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு போடுகிற அக்காமார், பாய் பின்னுகிறவர்கள், ஆரி வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலாவது, கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு மாதிரிப் புத்தகம் வைக்க வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் கை அகல மாதிரித் துண்டு ஒன்று, கட்டப் படம் ஒன்று. பக்கத்திலேயே என்ன நூல், எத்தனை கண்ணி, எந்த ஊசி, எத்தனை மணி நேரம், என்ன விலை, யார் வரைந்தது, யார் பின்னியது என்று எழுத வேண்டும். தீர்மானப் புத்தகம், வரவு செலவுப் புத்தகம் வைத்திருக்கிற நமக்கு இன்னொரு புத்தகம் பாரம் இல்லை. ஒரு பிரதி அலுவலகத்தில், ஒரு பிரதி குழுவில் இருக்கட்டும்.

இரண்டாவது, எந்த வடிவமும் ஒரே ஒருத்திக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்த பிறகுதான் அது புத்தகத்தில் ஏறியதாகக் கணக்கு. "சொல்லிக்கொடுத்தா நம்ம பொழப்பு போயிடும்" என்கிற பயம் நியாயம்தான். அதனால்தான் வரைந்தவர் பெயரும் முதலில் பின்னியவர் பெயரும் புத்தகத்தில் ஏற வேண்டும் என்கிறேன். அந்த வடிவத்துக்கு வருகிற ஆர்டரில் அவருக்கு முதல் பங்கு என்று தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, வியாபாரி வந்து வடிவத்தைக் கேட்டால் அது தனி ஒருத்தி வீட்டுத் திண்ணையில் முடிகிற பேச்சாக இருக்க வேண்டாம். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரட்டும். சரக்குக்கு ஒரு விலை, வடிவத்துக்கு ஒரு விலை என்று பேசலாம். புது வடிவமாக இருந்தால் 2000-ம் வருஷத்து வடிவமைப்புச் சட்டத்தில் பதியவும் வழி இருக்கிறது. முதலில் 10 வருஷம், புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் பாதுகாப்பு. ஆனால் ஏற்கனவே வெளியில் விற்றுவிட்டதைப் புதிது என்று பதிய முடியாது. அதனால் விற்பதற்கு முன்னாலேயே யோசிக்க வேண்டும்.

நான்காவது மனசு சம்பந்தப்பட்டது. ஒரு உறுப்பினருக்குத் துணை போய்விட்டால், துக்கம் கேட்டுவிட்டு வருவதோடு குழுவின் வேலை முடியக் கூடாது. அவர் பாதியில் விட்ட வேலை என்ன, வீட்டில் என்ன நோட்டு, என்ன அச்சு, என்ன அளவுக்கோல் இருக்கிறது என்று கூட இருந்து எடுத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் எடைக்குப் போய்விடுகிற காகிதத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருக்கும். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற தொழில் நம்ம பக்கம் நிறைய. தச்சு வேலை, தறி, பந்தல், தையல் என்று எதுவாக இருந்தாலும் இரண்டு பேரும் இருக்கும்போதே அவரவர்க்குத் தெரிந்ததை மற்றவர் கற்றுக்கொள்வது நல்லது. அதைக் கேட்பது அபசகுனம் இல்லை, குடும்பத்துக்குக் காப்பு.

நம்ம குன்னம் கரிசல் மண்ணில் பருத்தி விளைகிறது. விளைவித்துக் குவிண்டால் கணக்கில் அனுப்பிவிடுகிறோம். நூலாக, துணியாக, வடிவமாக ஆகிறபோது வருகிற காசு வேறு ஊருக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் வடிவம் நம் கையிலேயே பிறக்கிறது. அதையாவது பேர் எழுதி, கணக்கு எழுதி, மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு மாதிரித் துண்டு கொண்டுவாருங்கள். குல்லாவோ, கூடை முடிச்சோ, பாய் ஓரமோ எதுவானாலும் சரி. வீட்டில் யாராவது வரைந்த நோட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். எழுதுவதற்குப் புத்தகம் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.